கஞ்சாப் பூண்டும் தொழிலாளன் உரிமையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்குப் பகுதியில், பனந்தோப்புகளுக்கும் வயல்வெளிகளுக்கும் நடுவே அமைந்த வட்டுக்கோட்டை கல்விக்குப் பெயர்பெற்ற ஊர். 1823 ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் அங்கே நிறுவிய செமினரியின் புகழை அறியாதார் இலர். ஆயின், ஈழத்து மருத்துவ வரலாற்றிலும் அவ்வூருக்கு ஓர் இடம் உண்டு என்பதைப் பலர் நினைப்பதில்லை. 1847 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் இளம் வைத்தியர், முதலில் வட்டுக்கோட்டையிலேயே நோயாளரைப் பார்க்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் மானிப்பாய்க்குச் சென்று அங்கே தமது பணியை விரிவாக்கினார். மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, அறுபதுக்கும் மேற்பட்ட மாணவரை வைத்தியராக்கிய பெருமை அவருக்கு உரியது.

கிறீன் 1884 ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் தமிழில் ஆக்கிய நூல்களுள் ஒன்றாகிய இந்து பதார்த்த சாரம் 1888 ஆம் ஆண்டில் வெளிவந்தது. எட்வேட் யோன் வாரிங் என்பவர் 1868 ஆம் ஆண்டில் தொகுத்து வெளியிட்ட இந்திய மருந்து நூலை அடியொற்றி எழுந்தது அது. வாரிங்கின் நூலிற் கஞ்சாவும் வைத்தியர் கையாளத்தக்க மருந்துகளுள் ஒன்றாக இடம்பெற்றிருந்தது. அக்காலத்திற் பிரித்தானிய மருந்து நூலும் அதனை ஏற்றிருந்தது. சித்த வைத்தியரும் ஆயுர்வேத வைத்தியரும் அதற்கு முன்னரே பன்னூறாண்டுகளாக அப்பூண்டைச் சுத்திசெய்து லேகியங்களிலும் சூரணங்களிலும் சேர்த்து வந்தனர்.

இவ்வாறு மருந்துப் பட்டியலில் இருந்த ஒரு பூண்டு, பிற்காலத்தில் ஒரு தொழிலாளியின் சிறுநீரில் அதன் சுவடு காணப்பட்டமையே அவனை வேலையினின்று நீக்கப் போதிய காரணம் என்னும் நிலைக்கு எவ்வாறு வந்தது? அந்த வரலாற்றில் தமிழ்த் தொழிலாளருக்கும் பங்குண்டு. அது நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு.

மேனாட்டு மருத்துவ உலகிற்குக் கஞ்சாவை முறைப்படி அறிமுகஞ் செய்தவர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இரசாயனம் கற்பித்த வில்லியம் ஓஷோனெசி என்பவர். 1839 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரையில், வாதம், தனுர்வாயு முதலிய நோய்களில் அம்மருந்தைக் கொடுத்துக் கண்ட பயன்களை விவரித்தார். பிறந்து நாற்பது நாளான பெண்குழந்தை ஒன்று ஓயாத வலிப்பினால் வாடியதையும், கஞ்சாச் சாரத்தைச் சில துளிகளாகக் கொடுத்தபின் அது தேறியதையும் அவர் குறிப்பிட்டார். அந்தக் குழந்தையின் கதை ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகளின் பின்னர் மீண்டும் நினைக்கப்பட வேண்டியதாயிற்று.

கல்கத்தாவில் ஆங்கில வைத்தியர் அதனை மருந்தென்று எழுதிய காலத்துக்குப் பின், ஒரு தலைமுறை கழியுமுன், மற்றோர் ஆங்கிலக் குடியேற்ற நாட்டில் அதே பூண்டு தொழிலாளருக்கு மட்டும் குற்றப்பொருளாயிற்று. 1860 ஆம் ஆண்டு நவம்பர் 16 ஆம் நாள், சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல் தென்னாபிரிக்காவின் நேட்டால் நாட்டிலுள்ள டர்பன் நகரை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் வேலை செய்யும் ஒப்பந்தத்தில் அழைத்துச் செல்லப்பட்ட முதற் கூட்டத்தினர் அதில் இருந்தனர். 1911 ஆம் ஆண்டுவரை 1,52,184 பேர் இவ்வாறு நேட்டாலுக்குச் சென்றனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியாகச் சென்ற தமிழரும் தெலுங்கரும் ஆவர்.

நாள் முழுவதும் கரும்பு வெட்டிய கை ஓய்ந்த பின்னர், ஊரில் அறிந்த பழக்கமாகக் கஞ்சா புகைப்போரும் அவர்களிடையே இருந்தனர். 1870 ஆம் ஆண்டில் நேட்டால் அரசாங்கம் இயற்றிய இந்தியக் கூலிகள் பற்றிய சட்டம், அவர்கள் அப்பூண்டின் எப்பகுதியையும் புகைத்தலையும், வைத்திருத்தலையும், அவர்களுக்கு அதனை விற்றலையும் கொடுத்தலையும் தடைசெய்தது. இத்தடையின் வடிவத்தை ஊன்றி நோக்குதல் வேண்டும். அச்சட்டம் பூண்டைப் பொதுவாகத் தடுக்கவில்லை. இன்ன வகைத் தொழிலாளி அதனைத் தொடலாகாது என்றே கூறிற்று. மயங்கி வேலை கெட்டதா, பிறருக்குத் தீங்கு நேர்ந்ததா என்று அது கேட்கவில்லை. கூலியாளிடம் அந்தப் பொருள் இருந்தது என்பதே குற்றம் ஆயிற்று. தொழிலாளியின் உழைப்பை மட்டுமன்றி, உழைப்பு முடிந்தபின் அவனுக்குரிய பொழுதையும் ஆள எசமானுக்கு உரிமை உண்டு என்னும் எண்ணம் இங்கே சட்டமாக உருக்கொண்டது.

இதற்கு மாறான ஒரு நோக்கும் அதே நூற்றாண்டில் எழுந்தது. இந்தியாவிற் கஞ்சாவினால் மக்கள் பித்தராகின்றனர் என்னும் முறைப்பாடு இலண்டன் பாராளுமன்றத்தை எட்டியபோது, 1893 ஆம் ஆண்டில் ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. மக்வேத் யங் என்பவர் தலைமையில் எழுவர் கொண்ட அக்குழு, நாடெங்கும் சென்று 1,193 சாட்சிகளை விசாரித்து, 1894 ஆம் ஆண்டில் பல தொகுதிகளாக விரிந்த அறிக்கையைச் சமர்ப்பித்தது. பல்லக்குச் சுமப்போர், சுமை தூக்குவோர், கடலில் மூழ்குவோர், தபால் எடுத்து ஓடுவோர் முதலிய கடின உழைப்பாளர் களைப்பைத் தாங்கும்பொருட்டு அதனைச் சிற்சில வேளைகளிற் கொள்வதை அக்குழு பதிவு செய்தது. அளவோடு கொள்வோரிடம் குறிப்பிடத்தக்க தீங்கு காணப்படவில்லை என்றும், அளவு மீறியோர்க்குத் தீங்குண்டு என்றும் அது முடிவு கூறிற்று. முற்றாகத் தடுப்பதை அது பரிந்துரைக்கவில்லை.

அவ்வறிக்கையிற் பயன்மிக்க பகுதி ஒன்றுண்டு. பித்தர் மருத்துவசாலைகளின் பதிவேடுகளிற் பலருடைய பெயருக்கு எதிரே நோய்க்குக் காரணம் கஞ்சா என்று எழுதப்பட்டிருந்தது. குழுவினர் 1892 ஆம் ஆண்டில் அவ்வாறு எழுதப்பட்டோரை ஒவ்வொருவராக ஆராய்ந்தனர். நோயாளியைக் கொண்டுவந்த பொலிசார் சொன்னதை எழுத்தர் அப்படியே எழுதிக்கொண்ட இடங்கள் பல. சரிவர விசாரித்தபின் அந்தக் காரணம் நிலைபெற்றவை பாதிக்கும் குறைவாகவே இருந்தன. பதிவேட்டில் ஒரு சொல் எழுதப்பட்டுவிட்டால் அதன்பின் ஆளைப் பார்ப்பார் இல்லை என்பதை அக்குழு அன்றே கண்டுவிட்டது.

இலங்கையிலும் சட்டம் இருவழியாக வளர்ந்தது. 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் கஞ்சாச் செடியை அனுமதியின்றிப் பயிரிடுவதையும் வைத்திருப்பதையும் குற்றமாக்கியது. 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டமோ, சித்தம், யூனானி, சுதேச வைத்தியம் ஆகியவற்றையும் உள்ளடக்கி, மருந்து செய்வதற்கு அபினையும் கஞ்சாவையும் உரிய அனுமதியுடன் பெறுவதற்கு இடமளித்தது. ஒரே பூண்டு, அனுமதி பெற்ற வைத்தியர் கையில் மருந்தாகவும், அனுமதியற்ற குடியானவன் கையிற் குற்றமாகவும் நின்றது. இதில் முரண்பாடு இல்லை. மருந்து எதற்கும் கைகாவல் வேண்டும்.

தொழிலாளியின் பக்கம் நின்று நோக்கினால், இவ்விரு சட்டங்களிலும் முதன்மையானது வேறொன்று. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலை செய்யும்போது காயமடைந்தோர்க்கு எசமான் நட்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர் என்று விதித்தது. 1923 ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தின் போக்கைப் பின்பற்றி, அதற்கொரு விதிவிலக்கையும் வகுத்தது. விபத்து நேர்ந்த அந்த நேரத்தில் வேலையாள் மதுவின் வசத்திலோ மயக்க மருந்தின் வசத்திலோ இருந்து, விபத்து நேராக அதனாலேயே விளைந்திருந்தால், எசமானுக்குப் பொறுப்பில்லை. வேலையாள் இறந்துபோனால் இவ்விலக்கும் செல்லாது.

இவ்விதியில் இரண்டு தேவைகள் அடங்கியுள்ளன. ஒன்று, மயக்கம் அந்த நேரத்தில் இருந்திருத்தல் வேண்டும். மற்றது, தீங்கு அதனால் விளைந்திருத்தல் வேண்டும். நேற்றுக் குடித்தவன் இன்று காயமடைந்தால் அவன் உரிமை போய்விடாது. குடித்திருந்தவன்மீது கூரை இடிந்து விழுந்தாலும், கூரையின் பழுதுக்குக் குடி காரணமாகாது. குடியேற்ற ஆட்சிக் காலத்திற் பிறந்த சட்டமே ஆயினும், நேட்டாற் சட்டம் கேட்க மறந்த கேள்வியை இது கேட்டது.

சட்டம் இவ்வாறு நிற்க, விஞ்ஞானம் பூண்டினுள்ளே புகுந்தது. 1940 ஆம் ஆண்டில் அமெரிக்க இரசாயன அறிஞர் றொஜர் அடம்ஸ் அதிலிருந்து கன்னாபிடியோல் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். சி.பி.டி. என்று இந்நாளில் வழங்குவது அதுவே. அதன் சரியான அமைப்பை 1963 ஆம் ஆண்டில் இஸ்ரவேல் நாட்டு அறிஞர் இரபாயேல் மெச்சூலம் தம் துணைவரோடு கண்டறிந்தார். மறு ஆண்டில், மயக்கத்தைத் தருவது ரி.எச்.சி. என்னும் வேறொரு பொருள் என்பதையும் அவரும் அவர் துணைவரும் தெளிவாக்கினர். ஆகவே, ஒரே செடியில் மயக்குவது ஒன்றும் மயக்காதது ஒன்றும் இருப்பது வெளியாயிற்று. 2018 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், குழந்தைகளை வருத்தும் கொடிய வலிப்பு நோய் இரண்டிற்குச் சி.பி.டி. மருந்து ஒன்றை அமெரிக்க அரசாங்கத்தின் மருந்து நிருவாகம் அங்கீகரித்தது. கல்கத்தாக் குழந்தையின் வலிப்பிற்கு ஓஷோனெசி துளித்துளியாகக் கொடுத்த சாரத்தின் கதை இவ்விடத்தில் நினைவுக்கு வரும்.

உலக நாடுகளின் பொதுவிதி இவ்வளவு விரைவாக மாறவில்லை. 1961 ஆம் ஆண்டின் அனைத்துலக உடன்படிக்கை கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலும் சேர்த்திருந்தது. 2020 ஆம் ஆண்டு டிசம்பர் 2 ஆம் நாள், ஐக்கிய நாடுகளின் ஆணைக்குழு அதனை அந்தப் பட்டியலிலிருந்து நீக்கியது. நீக்குதற்கு 27 வாக்குகளும் எதிராக 25 வாக்குகளும் கிடைத்தன. எனினும், ரி.எச்.சி. அற்ப அளவே கலந்த சி.பி.டி. பொருள்களைக் கட்டுப்பாட்டினின்றும் வெளிப்படையாக விடுவிக்கும் யோசனை அன்று ஏற்கப்படவில்லை.

இதற்கிடையில் வேலைத்தலத்திலும் ஒரு மாற்றம் நேர்ந்தது. அதற்கு நியாயமான காரணமும் உண்டு. 1987 ஆம் ஆண்டு சனவரி 4 ஆம் நாள், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் இரண்டு புகைவண்டித் தொடர்கள் மோதிப் 16 பேர் உயிரிழந்தனர். நிறுத்தற் சைகையைக் கடந்துசென்ற இயந்திரங்களை ஓட்டியோர் கஞ்சா புகைத்திருந்தமை பின்னர் வெளிப்பட்டது. நூற்றுக்கணக்கானோரின் உயிரைத் தன் கையில் வைத்திருக்கும் சாரதி தெளிந்த அறிவோடிருத்தல் வேண்டும் என்பதை எவரும் மறுக்கார். 1991 ஆம் ஆண்டில் அமெரிக்கா போக்குவரத்துத் தொழிலாளரைச் சோதிப்பதற்குச் சட்டம் இயற்றியது. எழுந்தமானமாக ஆளைத் தெரிந்து, முன்னறிவித்தலின்றிச் சிறுநீரைச் சோதிக்கும் வழக்கம் பரவியது.

ஆயின், சிறுநீர் சொல்வது என்ன? ரி.எச்.சி. உடலிற் சிதைந்தபின் எஞ்சும் பொருளையே அச்சோதனை காண்கிறது. எஞ்சும் அப்பொருள் மயக்கந் தருவதன்று. நெடுநாட் பழகியோரின் உடலில் அது வாரக்கணக்கிலும் தங்கும். ஒருவர் என்றோ ஒருநாள் அதனை உட்கொண்டார் என்று சோதனை சொல்லும். வேலை செய்யும்போது மயங்கியிருந்தாரா என்று சொல்லாது. 1934 ஆம் ஆண்டின் சட்டம் கேட்ட கேள்விக்கு இந்தக் கருவியிடம் விடையில்லை.

இவ்விடத்திலேதான் சி.பி.டி. ஒரு கண்ணியாகிறது. மயக்கந் தராதது என்று நம்பி வாங்கிய நெய்யில், மயக்கந் தருவதும் சிறிது கலந்திருக்கலாம். அமெரிக்காவில் இணையத்தில் விற்கப்பட்ட 84 சி.பி.டி. பொருள்களை ஆராய்ந்து 2017 ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளிவந்தது. உறையில் எழுதப்பட்ட அளவு சரியாக இருந்தவை மூன்றில் ஒரு பங்குக்குச் சிறிது குறைவு. 18 பொருள்களில் ரி.எச்.சி. காணப்பட்டது. 2020 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அந்நாட்டுப் போக்குவரத்துத் திணைக்களம், சி.பி.டி. உட்கொண்டேன் என்பதைச் சோதனையிற் பிழைத்தவர் கூறும் சமாதானமாக ஏற்கமுடியாது என்று அறிவித்தது.

இதனாற் பாதிக்கப்பட்ட ஒரு பாரவண்டிச் சாரதியின் வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம்வரை சென்றது. 2012 ஆம் ஆண்டில் விபத்தொன்றிற் காயமுற்ற அவர், நோவு தணிய வேண்டிச் சி.பி.டி. மருந்துநெய் ஒன்றை வாங்கினார். அதில் ரி.எச்.சி. இல்லை என்று விற்றோர் விளம்பரஞ் செய்திருந்தனர் என்பது அவருடைய முறைப்பாடு. எழுந்தமானச் சோதனையில் அவருடைய சிறுநீரில் ரி.எச்.சி.யின் சுவடு காணப்பட்டது. அவர் வேலையை இழந்தார். 2025 ஆம் ஆண்டு ஏப்பிரில் 2 ஆம் நாள், ஐவருக்கு நால்வர் என்னும் பெரும்பான்மையால், இழந்த சீவனத்துக்காக விற்றோர்மீது அவர் வழக்கு நடத்தலாம் என்று நீதிமன்றம் தீர்த்தது. விற்றோர் குற்றவாளிகள் என்று அத்தீர்ப்புச் சொல்லவில்லை. வழக்கைத் தொடரும் வாயிலையே திறந்தது. வேலையினின்று நீக்கப்பட்டது சரியா என்பது அங்கே கேள்வியாக வரவே இல்லை என்பதும் நோக்கத்தக்கது.

அந்தக் கேள்வியைக் கனடாவின் உயர் நீதிமன்றம் வேறோர் இடத்தில் நேராக எடுத்துக்கொண்டது. காகித ஆலை ஒன்றில், தொழிற்சங்கத்தின் இணக்கமின்றி நிருவாகம் எழுந்தமானமாக மதுச் சோதனையைப் புகுத்தியது. 15 ஆண்டுகளில் மதுவோடு தொடர்புடைய சம்பவங்கள் எட்டே அங்கே பதிவாகியிருந்தன. 2013 ஆம் ஆண்டில் நீதிமன்றம் அச்சோதனையைச் செல்லாததாக்கியது. ஆபத்தான வேலைத்தலம் என்பது மட்டும் போதாது. அங்கே குடிப்பழக்கம் உண்மையில் ஒரு பிரச்சினையாக இருத்தல் வேண்டும் என்பதும், தொழிலாளியின் அந்தரங்கத்தைப் பாதுகாப்போடு சீர்தூக்குதல் வேண்டும் என்பதும் அதன் கருத்து. மறுபுறம், ரொறன்ரோ நகரப் போக்குவரத்துச் சபை 2017 ஆம் ஆண்டில் எழுந்தமானச் சோதனையைத் தொடங்கியபோது, அதனைத் தடுத்துவைக்க ஒன்ராறியோ நீதிமன்றம் மறுத்தது. அங்கே கஞ்சாவுக்குச் சோதிக்கப்பட்டது சிறுநீர் அன்று, உமிழ்நீர். உமிழ்நீர் அண்மையில் உட்கொண்டதையே பெரும்பாலும் காட்டும். கருவி அந்த நேரம் என்னும் கேள்விக்கு அணுகி வர, நியாயமும் அதன் பக்கம் சற்றே சாய்கிறது.

இவை தூரதேசத்துச் செய்திகள் என்று வட்டுக்கோட்டையார் ஒதுக்கிவிட இயலாது. செமினரி 1855 ஆம் ஆண்டில் மூடப்பட்டபின், 1872 ஆம் ஆண்டில் அவ்வூரில் எழுந்த யாழ்ப்பாணக் கல்லூரியிலும் அயற் கல்லூரிகளிலும் பயின்றோர் மலாயாவின் புகைவண்டிப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலை தேடிச் சென்றனர். 1983 ஆம் ஆண்டின் பின்னர் அவர்களுடைய வழித்தோன்றல்கள் கனடாவிற் குடியேறினர். பேருந்து ஓட்டுவோரும், பாரவண்டி ஓட்டுவோரும், தொழிற்சாலைகளில் இரவுவேலை செய்வோரும் அவர்களுள் உளர். கனடாவில் 2018 ஆம் ஆண்டு ஒக்டோபர் 17 ஆம் நாள் முதற் கஞ்சா சட்டத்துக்கு அமைந்த பொருளாயிற்று. ஆயினும், கடையில் வாங்கலாம் என்பது வேறு. வாங்கியதைக் கொண்டபின் வேலைக்குப் போகலாம் என்பது வேறு. முழங்கால் நோவுக்கென்று அங்குள்ள மகன் அனுப்பும் நெய்க்குப்பி, இலங்கையில் 1929 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின்முன் வைத்துப் பார்க்கப்படும் என்பதையும் மறத்தலாகாது.

இலங்கைத் தொழிலாளிக்கு வேறு காவல்கள் உண்டு. 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டமும், 1957 ஆம் ஆண்டின் திருத்தத்தாற் பிறந்த தொழில் நியாய சபைகளும், நீக்கப்பட்டவன் நியாயங் கேட்க ஓரிடத்தைத் தந்தன. 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம், அது தழுவும் தொழிலாளர்களை ஒழுக்காற்றுக் காரணத்துக்காக நீக்கும் எசமான் அக்காரணத்தை இரண்டாம் வேலைநாள் முடிவதற்குள் எழுத்திற் கொடுத்தல் வேண்டும் என்று விதித்தது. எழுதிக் கொடுத்த காரணத்தை எதிர்த்து விடையளிக்க முடியும். எழுதாத காரணத்தோடு எவரும் வாதாட முடியாது.

நேட்டாலின் கரும்புத் தோட்டத்திலே தொழிலாளியைக் கேளாமலே குற்றம் தீர்மானிக்கப்பட்டது. பித்தர் மருத்துவசாலையின் பதிவேட்டிலே ஒரு சொல்லே நோயாளியின் வரலாறாயிற்று. இக்காலத்துச் சோதனைக் குப்பியும் அவ்விரண்டின் வழியிற் போகலாம். அவ்வாறு போகாமற் காப்பது விசாரணை ஒன்றே. சாரதி தெளிந்திருக்க வேண்டும் என்பது பிரயாணியின் உரிமை. தெளிந்திருந்த சாரதி மயங்கினான் என்று பழிக்கப்படாதிருத்தல் அவனுடைய உரிமை. இவ்விரண்டையும் ஒருங்கே காக்கும் கேள்வி 1934 ஆம் ஆண்டிலேயே எழுத்திலே வந்துவிட்டது. அந்த நேரத்தில் அவன் மயங்கியிருந்தானா, தீங்கு அதனால் விளைந்ததா என்பதே அது. வட்டுக்கோட்டையில் நோயாளரைப் பார்க்கத் தொடங்கிய வைத்தியர் மருந்தின் பெயரையும் அளவையும் தமிழில் எழுதிவைத்தது, அறிந்து கொடுத்தற்கும் அறிந்து உண்பதற்குமே ஆகும். வேலைத்தலத்து நியாயமும் அவ்வாறே அறிந்து வழங்கப்படுதல் வேண்டும்.